சாரதி இல்லாத வண்டிக்கு யார் பொறுப்பு?

துறையும் தெருவும்: திருகோணமலை மாவட்டப் போக்குவரத்து வரலாறு (பகுதி 23)

சென்ற பகுதியைக் கிண்ணியாப் பாலத்தோடு நிறுத்தியிருந்தோம். 2009 ஒக்டோபர் 20-ஆம் திகதி, 396 மீட்டர் நீளத்தில், சவூதி நிதியுதவியுடன் எழுந்த அந்தப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் மட்டக்களப்பு வீதியில் உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று பாலங்கள் வரிசையாக வந்தன. துறையடியில் பாதை என்ற இழுவைப் படகுக்காக மணிக்கணக்கில் காத்துக்கிடந்த பஸ்களும் லொறிகளும் நிற்காமல் போகத் தொடங்கின. பாதையின் காலம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அது அப்படி முடியவில்லை என்பதற்குப் பிறகு வருவோம்.

இந்தப் பகுதியில் வடக்கே திரும்புகிறோம். நகரிலிருந்து உப்புவெளியைத் தாண்டி ஏழெட்டுக் கிலோமீட்டரில் சாம்பல்தீவு. நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் புல்மோட்டைக்கும் போகிற வீதி களப்பைக் கடக்கிற இடம். இங்கே வைத்துப் பேசப்போவது, இந்த வீதிக்கு இன்னும் வராத ஒரு வண்டியைப் பற்றி: சாரதி இல்லாமல் தானே ஓடும் வண்டி. வராத வண்டிக்கு வரலாற்றுத் தொடரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வண்டிதான் வரவில்லை, அது வந்தால் அதைப் பிடித்து விசாரிக்கப்போகிற சட்டம் 1951-லேயே வந்துவிட்டது. அதன் வேர் இன்னும் ஒரு நூற்றாண்டு பின்னால் இருக்கிறது.

1848-ஆம் ஆண்டின் 8-ஆம் இலக்க வீதிக் கட்டளைச் சட்டம், 18 முதல் 55 வயதுக்குட்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கு ஈடாகக் காசு கட்ட வேண்டும் என்றது. அதே ஆண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இந்த வரியும் ஒரு காரணம். அன்றைய அரசின் கவலை வீதியை வெட்டுவது யார் என்பதுதான். வீதியில் எது, எப்படி ஓடுகிறது என்பதைப் பற்றி அது பெரிதாக யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருந்தது? மாட்டு வண்டி ஓடியது. வண்டிக்காரன் தூங்கினாலும் மாடு வீடு போய்ச் சேர்ந்தது. தானே ஓடும் வண்டி நம்மூருக்குப் புதிதல்ல என்று யாராவது வாதாடினால் மறுக்க முடியாது!

பிரித்தானியாவில் அப்போது நீராவி வண்டிகள் வீதிக்கு இறங்கியிருந்தன. 1865-இல் அவர்கள் போட்ட சட்டத்தின்படி ஒரு வண்டிக்கு மூன்று பேர் வேண்டும். அதில் ஒருவர் சிவப்புக் கொடியோடு 60 யார் முன்னால் நடக்க வேண்டும். வேகம் நகரத்தில் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல். 1896-இல்தான் அது நீங்கியது. இன்று இந்தச் சட்டத்தைச் சொல்லிச் சிரிக்காத தொழில்நுட்பப் பேச்சாளர் இல்லை. நான் சிரிக்க மாட்டேன். புதிய வண்டி ஊருக்குள் வரும்போது அதற்காக வேலை செய்ய வேண்டியவர் வண்டிக்காரரே, தெருவில் போகிறவர் அல்ல என்று அந்தச் சட்டம் தெளிவாகச் சொன்னது. அதற்குப் பிறகு வந்த சட்டங்கள் அந்தச் சுமையை மெல்ல மெல்ல நடந்து போகிறவர் தலைக்கு மாற்றின.

இலங்கைக்கு முதல் மோட்டார் கார் 1902-இல் வந்தது. 1916-இல் வண்டிகள் கட்டளைச் சட்டம், 1938-இல் மோட்டார் கார் கட்டளைச் சட்டம், 1942-இல் பஸ் சேவை உரிமக் கட்டளைச் சட்டம் என்று ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. கடைசியாகச் சொன்னது, ஒரே வழித்தடத்தில் முண்டியடித்து ஓடிய தனியார் பஸ்களை அடக்க வந்தது. அதுவும் போதாமல் 1958 ஜனவரி 1-ஆம் திகதி பஸ்கள் அரசுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. ஒவ்வொரு முறையும் வண்டி முதலில் வரும், குழப்பம் அடுத்து வரும், சட்டம் மூன்றாவதாக மூச்சிரைக்க வந்து சேரும். 1977-க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்தில் ஆட்டோக்கள் இறங்கியபோதும் இதே கதைதான். பத்து இலட்சத்துக்கு மேல் பதிவான பிறகும் ஆட்டோவுக்கு மீட்டர் கட்டாயமா, யார் அதை மேற்பார்வை செய்வது என்ற வாக்குவாதம் ஓயவில்லை.

இந்த வரிசையில் நடுநாயகம் 1951-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். எத்தனையோ முறை திருத்தப்பட்டும் இன்றுவரை நாட்டின் வீதிகளை ஆள்வது அதுதான். அதைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு மனிதர் நிற்கிறார்: சாரதி. அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டியவர் அவர். விபத்து நடந்தால் வண்டியை நிறுத்த வேண்டியவர், பெயர் விலாசம் கொடுக்க வேண்டியவர், காயம்பட்டவருக்கு உதவ வேண்டியவர், பொலிசுக்கு அறிவிக்க வேண்டியவர் எல்லாம் அவரே. குடித்திருந்தால் குற்றம் அவருடையது, கவனயீனமும் அவருடையது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய பார்வையல்ல. 1949-இல் ஜெனீவாவில் உருவான வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையில் இலங்கையும் ஒரு தரப்பு. அதன் 8-ஆம் உறுப்புரை, ஓடுகிற ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு சாரதி இருக்க வேண்டும் என்கிறது. வண்டி இழுக்கிற, சுமை சுமக்கிற விலங்குகளுக்கும் அதே விதியைச் சொல்கிறது.

இப்போது சாம்பல்தீவுப் பாலத்தடிக்கு வாருங்கள். பொழுது சாய்கிற நேரம். களப்பில் வீச்சு வலை எறிகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள் வீதியோரம் பாதி தாரிலும் பாதி மணலிலும் நிற்கின்றன. பகல் வெயிலில் காய்ந்த தார் இன்னும் சூடாக இருப்பதால் கட்டாக்காலி மாடுகள் நாலைந்து வீதியிலேயே படுத்து அசைபோடுகின்றன. பின்விளக்கு இல்லாத லாண்ட்மாஸ்டர் ஒன்று விறகோடு வருகிறது. ஒருவர் சைக்கிளின் இரு பக்கமும் பை தொங்க, ஏறாமல் உருட்டிக்கொண்டு குறுக்கே கடக்கிறார். அவருக்குப் பின்னால் நிலாவெளி ஹோட்டலுக்கு விரைகிற வான். வான் சாரதி ஹோனை இரண்டு தரம் லேசாகத் தட்டுகிறார். சைக்கிள்காரர் திரும்பிப் பார்க்காமலே இடக்கையை அசைக்கிறார். வான் மாட்டைச் சுற்றி எதிர்ப்பக்கத்தில் ஏறி, லாண்ட்மாஸ்டரை முந்தி, மறுபடி தன் பக்கம் வந்துவிடுகிறது. இந்த நாலு விநாடியில் எத்தனை விதி மீறப்பட்டது என்று பொலிஸ் கணக்குப் பார்க்கலாம். ஆனால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீதியில் போகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற இந்தப் பேச்சு எந்த வர்த்தமானியிலும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு கணினியை உட்கார வைத்தால் என்ன செய்யும்? 2004 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனமான தார்ப்பா, மொஹாவே பாலைவனத்தில் சாரதியில்லா வண்டிகளுக்கு ஓர் ஓட்டப் போட்டி வைத்தது. பரிசு 10 இலட்சம் டொலர். ஒரு வண்டிகூட முடிக்கவில்லை. அதிக தூரம் ஓடியது 12 கிலோமீட்டரை எட்டாமலே நின்றுபோனது. திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து அது கிளம்பியிருந்தால் சாம்பல்தீவைத் தாண்டியிருக்கும், நிலாவெளி போய்ச் சேர்ந்திராது. அதே ஆண்டு டிசம்பர் 26-ஆம் திகதி இந்தக் கரை முழுவதையும் கடல் அள்ளியது. நமக்கு அடுத்த சில ஆண்டுகள் வீடும் வள்ளமும் பாலமும்தான் யோசனை. பிறகு 2006-இல் மாவிலாறு, மூதூர், சம்பூர் என்று போர். அந்த இடைவெளியில் அங்கே அந்த வண்டிகள் வீதிக்கு வந்துவிட்டன. 2005 போட்டியில் ஐந்து வண்டிகள் முழுத் தூரத்தையும் ஓடி முடித்தன. நம் மாவட்டத்தில் பாதைகளுக்குப் பதில் பாலங்கள் திறக்கப்பட்ட அதே 2011-இல், அமெரிக்காவின் நெவாடா மாநிலம் சாரதியில்லா வண்டிகளுக்கென்று உலகின் முதல் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு கலிபோர்னியா.

2018 மார்ச் 18, அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரம். இரவு. 49 வயதுப் பெண் ஒருவர், பைகள் தொங்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதியைக் கடந்தார். ஊபர் நிறுவனம் பரீட்சார்த்தமாக ஓட்டிய வண்டி மோதி இறந்தார். பாதசாரி ஒருவரைக் கொன்ற முதல் தானியங்கி வண்டி அது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் விசாரணையில் தெரியவந்தது இது: வண்டி அவரை மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்பே கண்டுவிட்டது. ஆனால் இன்னதென்று அதற்குப் பிடிபடவில்லை. ஒரு முறை வாகனம் என்றது, ஒரு முறை தெரியாத பொருள் என்றது, ஒரு முறை சைக்கிள் என்றது. பாதசாரிக் கடவை இல்லாத இடத்தில் ஆள் குறுக்கே வருவார் என்பதே அதற்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. கார்த் தயாரிப்பாளர் பொருத்திக் கொடுத்திருந்த தானியங்கிப் பிறேக்கும் அந்த ஓட்டத்தின்போது முடக்கப்பட்டிருந்தது.

சாம்பல்தீவில் வீதியைக் கடக்கிறவர்களில் எத்தனை பேர் மஞ்சள் கடவையைத் தேடிப் போய்க் கடக்கிறார்கள்?

யார் தண்டிக்கப்பட்டார் என்று பாருங்கள். நிறுவனத்தின் மீது குற்றவியல் வழக்கு இல்லை என்று 2019-இல் அரச சட்டத்தரணி அறிவித்தார். வண்டிக்குள் கண்காணிப்புக்காக உட்கார்ந்திருந்த சாரதி மீது வழக்குப் பதிவானது. 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்புப் பெற்றார். அவர் அந்த நேரத்தில் கைபேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார் என்பது விசாரணையின் முடிவு. அவரிடம் தவறு இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிறேக்கை முடக்கியவர், மனிதர் குறுக்கே வருவதைக் கற்றுக்கொடுக்காத பொறியாளர், அனுமதி கொடுத்த அதிகாரி, ஒருவரும் கூண்டில் ஏறவில்லை. 1951-ஆம் ஆண்டுச் சட்டம் போலவே அரிசோனாச் சட்டமும் தேடியது ஒரு சாரதியை. அங்கே ஒருவர் அகப்பட்டார்.

பாதையின் கதை முடியவில்லை என்று சொன்னேனே, அது இதுதான். 2021 நவம்பர் 23, காலை. கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்தை உடைத்துப் புதியது கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. மாற்று ஏற்பாடாக இழுவைப் படகு ஒன்று ஓடியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளோடு அது கவிழ்ந்தது. அன்றே 6 பேர் இறந்தார்கள். ஆஸ்பத்திரியில் பின்னர் தொகை கூடியது. படகை ஓட்டியவர்கள் உடனே கைதானார்கள். அனுமதி கொடுத்தது நகர சபை என்பதால் அதன் தவிசாளரும் கைதாகி விளக்கமறியலுக்குப் போனார். ஆனால் ஒரு பாலத்தை உடைக்கும்போது, அது எழும்வரை ஆயிரக்கணக்கானோர் எப்படிக் கடப்பார்கள் என்று திட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டியவர் யார்? பாலம் ஒரு திணைக்களத்தின் பொறுப்பு, நீர் இன்னொன்றின் பொறுப்பு, படகு உள்ளூராட்சியின் பொறுப்பு. மக்களின் ஆத்திரம் வீதியில் எரிந்தது. வழக்கம்போலக் கையிற் கிடைத்தவர் கடைநிலையில் நின்றவர்.

டெம்பியையும் குறிஞ்சாக்கேணியையும் ஒரே கட்டுரைக்குள் கொண்டுவருவதற்குக் காரணம் இருக்கிறது. தானியங்கி வண்டிக்கான அரச கொள்கை என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது கமராவும் உணரியும் செயற்கை நுண்ணறிவும்தான். அவை நிறுவனங்களின் வேலை. அரசு செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான் முதன்மையானது: விபத்து நடப்பதற்கு முன்பே, யார் பொறுப்பு என்று பெயர் குறித்து எழுதிவைப்பது. அதை எழுதிய நாடுகள் உண்டு. 1968-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை 2016-இல் தளர்த்தப்பட்டு, சாரதி விரும்பும்போது மீட்டெடுக்கக்கூடிய தானியங்கி முறைகளுக்கு இடம் கொடுத்தது. ஜெர்மனி 2021-இல் ஒரு சட்டம் செய்து, உள்ளே சாரதி இல்லாவிட்டாலும் வெளியிலிருந்து கண்காணிக்கும் மனிதர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்றது. பிரித்தானியாவின் 2024 தானியங்கி வாகனச் சட்டம் இன்னும் நேரே போகிறது. வண்டி தானே ஓடும் நேரத்தில் அது எப்படி ஓடுகிறது என்பதற்கு உள்ளே இருப்பவர் குற்றவாளி ஆகமாட்டார். அனுமதி வாங்கிய நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். கொடி பிடித்து முன்னால் நடக்கச் சொன்ன அதே நாடு, 159 ஆண்டு கழித்து, சுமையை மறுபடி வண்டிக்காரர் பக்கம் தள்ளியிருக்கிறது.

சிங்கப்பூர் 2017-இல் தன் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தியது. தானியங்கி வண்டி ஓட்டங்களுக்கு வரையறுத்த இடமும் காலமும் குறித்து விதிகள் இயற்ற அமைச்சருக்கு அதிகாரம் கொடுத்தது. காப்புறுதியும் பதிவுக் கருவியும் கட்டாயம். சிறிய நாடு, ஒரே அதிகாரம் என்பதால் அது சுலபம். இந்தியாவின் போக்கு வேறு. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் ஆராய்ச்சிக்காக விலக்கு அளிக்கும் 2-பி என்ற பிரிவு சேர்ந்தது, ஹைதராபாத் ஐ.ஐ.டி. வளாகத்தில் 2022-இல் ஒரு சோதனைத் தளமும் திறக்கப்பட்டது. ஆனால் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, சாரதிகளின் பிழைப்பு போய்விடும், ஆகவே இங்கே அனுமதிக்க மாட்டேன் என்று 2017-இலும் 2023-இலும் சொன்னார். பரிசோதனைக்குக் கதவைத் திறந்து, வீதிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். பிழைப்பைப் பற்றிய அந்தப் பேச்சை எள்ளி ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆட்டோ ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவர்கள் இந்த மாவட்டத்தில் ஒவ்வொரு சந்தியிலும் நிற்கிறார்கள்.

இலங்கையில் தானியங்கி வாகனத்துக்கெனத் தனிச் சட்டம் இல்லை. நம் நாட்டின் வாகனக் கொள்கை பெரும்பாலும் இறக்குமதிக் கொள்கை, வரிக் கொள்கை. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. எந்த எஞ்சின், எத்தனை கன சென்ரிமீட்டர், எவ்வளவு தீர்வை என்பதெல்லாம் நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. வண்டிக்குள் ஓடுகிற மென்பொருளைப் பற்றி ஒரு வரி காண்பது அரிது. இத்தனைக்கும் அந்த மென்பொருள் ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டது. ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் கார்களில் தானே பிறேக் போடுவதும், கோடு தாண்டினால் எச்சரிப்பதும், ஸ்டியரிங்கைத் திருத்துவதும் இருக்கின்றன. திறப்பைத் திருகியதும் பெண்குரல் ஒன்று ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்கிறது. நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்பதைத்தான் அவள் சொல்கிறாள். நம் வீதியில் அந்த அட்டை எங்கும் செல்லாது. அவளை நிறுத்தத் தெரியாதவர்கள் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறார்கள். கோடு காட்டும் கருவி தேடுகிற வெள்ளைக் கோடு அழிந்து போன இடங்களில் அந்தக் கருவியும் மௌனமாகிவிடும். அப்படி ஒரு கார் தானே பிறேக் போட்டு, பின்னால் வந்த பஸ் மோதினால், நம் சட்டம் யாரைப் பிடிக்கும்? சாரதியை.

இன்னொன்று, இந்த மாவட்டத்துக்கே உரியது. போர்க்காலத்தில் இந்த வீதிகளில் சோதனைச் சாவடிக்கு முன்னால் பஸ் நிற்கும், சனம் இறங்கும், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடந்து போய் மறுபக்கம் ஏறும். எந்த வண்டி, எத்தனை பேர், எங்கே போகிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதப்படும். தானியங்கி வண்டி என்பது ஓடுகிற கமராக் கூட்டம். தெரு, வீட்டு வாசல், கோவில் வீதி, போகிற வருகிற முகம் எல்லாவற்றையும் பதிந்துகொண்டே போகும். அந்தப் பதிவு எங்கே போகும், யார் கேட்டால் கொடுக்கப்படும்? 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கொழும்பில் இதைச் சிறு கேள்வியாக எடுத்துக்கொள்ளலாம். சல்லிக் கடற்கரையில், நிலாவெளி வீதியில், அது சிறு கேள்வி அல்ல.

எங்கே முதலில் வரும்? பொது வீதிக்கு வராது, வேலிக்குள் வரும் என்பது என் கணிப்பு. கொழும்புத் துறைமுகத்தின் மேற்கு முனையம் 2025 ஏப்ரலில் வேலையைத் தொடங்கியபோது, நாட்டின் முதல் முழுத் தானியங்கி ஆழ்நீர் முனையம் என்று அறிவித்தார்கள். திருகோணமலைக்கென 2025 ஏப்ரல் 5-ஆம் திகதி இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை மூன்றும் சேர்ந்து எரிசக்தி மைய உடன்பாட்டில் கையெழுத்திட்டன. குடாவைச் சுற்றி எண்ணெய்க் குதங்கள், மாவாலை, சீமெந்துத் தொழிற்சாலை என வேலியடைத்த நிலம் ஏராளம். அங்கே சாரதியில்லா இழுவண்டி ஓடத் தடையேதும் பெரிதாக இராது, ஏனென்றால் அங்கே மாடு படுப்பதில்லை, சைக்கிள் உருட்டுகிறவரும் இல்லை. பிறகு ஒருநாள் அந்த வேலியைத் தாண்டி அது வீதிக்கு வரும். அந்த நாளில் நம்மிடம் 1951-ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் இருந்தால், அது மறுபடி ஒரு பாதைக்காரரைத் தேடிப்போகும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் இது சம்பந்தமான திருத்தம் வர்த்தமானியில் வரும்போது, பிரதேச சபைகளும் ஆட்டோச் சங்கங்களும் மீனவர் சங்கங்களும் அதன் தமிழ் வாசகத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். விபத்துப் பிரிவில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அப்போதே எழுதி அனுப்புங்கள். குறிஞ்சாக்கேணித் துறையைப் பற்றி நேரில் தெரிந்தவர்கள் தங்கள் நினைவுகளை ஆசிரியருக்கு அனுப்பலாம். அடுத்த பகுதி வெருகல் துறை.